குருந்தம்: ஒரு கல்லும் ஒரு சொல்லும்

ஜவ்வாது மலையின் நெல்லிவாசல்நாட்டுக் காட்டோரங்களிலும் தமிழகத்தின் புதர்க்காடுகள் அனைத்திலும் படரும் எளிய கொடி குன்றி. அதன் நெற்று வெடித்துச் சிந்தும் விதைகள் ஒருபால் செக்கச் சிவந்தும் மூக்கில் கறுத்தும் காணப்படும். வெளியே அழகும் உள்ளே நஞ்சும் கொண்ட இவ்விதையை, புறத்தே செம்மையும் அகத்தே கருமையும் உடைய பொய்த்தவத்தார்க்கு உவமையாக்கினார் வள்ளுவர். பொற்கொல்லர் அதனை வேறொரு பணிக்குக் கொண்டனர். இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. தமிழகத்தின் பொன்னும் மணியும் பல நூற்றாண்டுகளாக இக்காட்டு விதையை அடியளவாகக் கொண்டே நிறுக்கப்பட்டன.

மணிநூல்கள் குன்றியை மற்றொரு வகையிலும் நினைவுகூர்கின்றன. மாணிக்கத்தின் நிறம் எத்தகையது என்று சொல்லப் புகும்போது, அவை எடுத்தாளும் உவமைகளுள் குன்றியும் ஒன்று. மழைக்காலத்தில் ஈரமண்ணில் ஊரும் இந்திரகோபம் எனப்படும் தம்பலப்பூச்சியும் ஒன்று. அரசன் முடியில் அமரும் கல்லுக்கு வறியவன் வேலியோரத்துப் பொருள்களே உவமையாயின. செம்மணியின் வரலாறு நெடுகிலும் இவ்வுறவைக் காணலாம். உயர்ந்ததாகப் போற்றப்பட்டதும் எளியதாக ஒதுக்கப்பட்டதும் அங்கே ஒன்றாகவே இருந்தன. அவ்வரலாற்றின் நடுவே நிற்பது குருந்தம் என்னும் ஒரு தமிழ்ச் சொல்.

கடல் கடந்த சொல்

செம்மணி, நீலமணி, இளஞ்சிவப்பு மணி ஆகியவற்றையெல்லாம் இன்றைய கனிமவியல் ஒரே பெயரால் சுட்டுகிறது. அப்பெயர் 'கொரண்டம்' என்பது. ஆங்கில அகராதிகள் இச்சொல்லின் பிறப்பைத் தேடும்போது, தமிழின் குருந்தம் என்னும் சொல்லிலும் அதனோடு உறவுடைய குருவிந்தம் என்னும் வடசொல்லிலும் வந்து நிற்கின்றன. 1720களிலேயே ஜான் உட்வர்டு என்னும் ஆங்கில அறிஞர் தம் கனிமப் பட்டியலில் இந்தியாவிலிருந்து சென்ற இக்கல்லின் பெயரை ஏறத்தாழ இதே ஒலியில் பதிந்தார். 1798ஆம் ஆண்டில் சார்லசு கிரெவில், ஆசியாவிலிருந்து வந்த குருந்தக்கல்லைப் பற்றி இலண்டன் அரச கழகத்தின் ஏட்டில் கட்டுரை வரைந்தார். 1802இல் பூர்னோன் பிரபு அதே ஏட்டில் மேலும் விரிவாக எழுதி, கீழைநாட்டு மாணிக்கம், நீலம் என்று தனித்தனியாகப் போற்றப்பட்டவை யாவும் குருந்தத்தின் வகைகளே என்பதை விளக்கினார்.

இதன் பொருள் ஆழ்ந்து நோக்கத்தக்கது. பேரரசர்கள் தம் முடியில் பதித்த மாணிக்கமும், கருமார் கத்தி தீட்டப் பயன்படுத்திய கரடுமுரடான குருந்தக்கல்லும் ஒரே பொருள் என்பதை அறிவியல் அன்று உறுதி செய்தது. அப்பொருளுக்குப் பொதுப்பெயர் தேவைப்பட்டபோது மாணிக்கத்தின் பெயரை அது தேரவில்லை. பட்டறையில் புழங்கிய கல்லின் பெயரையே தேர்ந்தது.

குருந்தம் என்னும் சொல் எங்ஙனம் பிறந்தது என்பது ஆராய்தற்குரியது. தொல்காப்பிய உரியியல் 'குரு' என்னும் உரிச்சொல்லுக்கு நிறம் என்று பொருள் உரைக்கிறது. நிறத்தால் பெயர் பெற்ற கல் என்று கொள்ள இதனால் இடமுண்டு. எனினும் வடமொழியில் குருவிந்தம் வழங்குவதால், எம்மொழி எம்மொழிக்குக் கொடுத்தது என்று அறுதியிடுதல் எளிதன்று. தமிழில் குருந்து, குருந்தம் என்பன ஒரு மரத்திற்கும் பெயராகும். திருப்பெருந்துறையில் குருந்தமர நிழலில் அமர்ந்த குருவிடம் ஆட்பட்ட வாதவூரர் மாணிக்கவாசகர் என்று பெயர் பெற்றார் என்பது சைவ மரபு. மரத்தின் பெயரும் கல்லின் பெயரும் ஒத்திருப்பது தற்செயலே. ஆயினும் குருந்தத்தின் கீழிருந்து ஒரு மாணிக்கம் எழுந்ததை எண்ணி மகிழும் உரிமை கவிஞர்க்கு உண்டு.

மணிநூல்கள் கண்ட குலம்

செம்மணி எங்கிருந்து வந்தது என்பதற்கு நம் முன்னோர் கூறிய கதை குருதி தோய்ந்தது. வலன் என்னும் அசுரன் வேள்விப் பசுவாகித் தன் உடலைத் தந்தான். அவன் உறுப்புகளே நவமணிகள் ஆயின. அவன் குருதி மாணிக்கம் ஆயிற்று. கருட புராணமும் புத்தபட்டர் இயற்றிய மணிநூலும் இக்கதையை விரிக்கின்றன. குருதியை எடுத்துக்கொண்டு விண்வழியே சென்ற கதிரவனை இலங்கை வேந்தன் மறித்தான் என்றும், அக்குருதி சிங்கள நாட்டின் ஆற்றில் வீழ்ந்து அதன் கரைகளில் மணியாய் ஒளிர்ந்தது என்றும் அவை கூறும். கற்பனையாயினும் கதையின் நில அறிவு பிழையானதன்று. இலங்கையின் இரத்தினபுரிப் பகுதியில் செம்மணியும் நீலமணியும் இன்றும் ஆற்றுப்படிவுச் சரளையிலிருந்தே அகழப்படுகின்றன. சிங்களத்தில் 'இல்லம்' எனப்படும் அச்சரளை அடுக்கைத் தோண்டிக் கூடையில் இட்டு நீரில் அலசிக் கல்லைத் தெரிந்தெடுக்கின்றனர்.

தமிழில் இக்கதையைப் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் மாணிக்கம் விற்ற படலத்தில் அமைத்துள்ளது. வீரபாண்டியன் வேட்டையில் புலியால் இறந்தான். கருவூலத்து மணிகளும் முடியும் களவு போயின. இளவரசனுக்கு முடிசூட்ட மணியில்லை. அந்நிலையில் இறைவனே மணி வணிகனாய் மதுரைக்கு வந்து, மணிகளின் பிறப்பும் சிறப்பும் குற்றமும் உரைத்து, அவற்றை அளித்தான். இறைவன் மேற்கொண்ட வேடங்கள் பல. இப்படலத்தில் அவன் கல்லின் இலக்கணம் கற்ற வணிகனாக வருகிறான். மணியைக் கொடுப்பதோடு நில்லாமல் மணியை அறியும் அறிவையும் அவன் கொடுத்துச் செல்வது படலத்தின் நயம்.

மணிநூலார் மாணிக்கத்தை நான்காகப் பகுத்தனர். சாதரங்கம், குருவிந்தம், சௌகந்திகம், கோவாங்கம் என்பன அவை. சமூகத்தில் நிலவிய நால்வருணப் பாகுபாட்டையே கல்லின்மேலும் ஏற்றி, இன்ன குலத்தார்க்கு இன்ன கல் என்று வகுத்தனர். வராகமிகிரரின் பிருகத் சம்கிதை வேறு முறையில் பகுத்து, குருவிந்தத்தில் தோன்றும் மாணிக்கம் ஒளி மங்கியது, பல நிறம் விரவியது என்று தாழ்த்துகிறது. அதற்கும் முற்பட்ட அர்த்த சாத்திரம் சௌகந்திகம், பதுமராகம் முதலிய பெயர்களைச் சுட்டி, கடலுக்கு அப்பாலிருந்து வரும் மணிகளையும் குறிப்பிடுகிறது. இப்பகுப்புகளில் நூலுக்கு நூல் வேறுபாடு உண்டு. ஒளி குன்றியது என்று வராகமிகிரர் ஒதுக்கிய குருவிந்தமே இன்று அக்குலம் முழுவதற்கும் உலகப் பெயராய் நிலைத்தது. காலம் இழைக்கும் நீதியைப் பாடும் கவிஞர்க்கு இதனினும் நல்ல பொருள் கிடைத்தல் அரிது.

தமிழில் இப்பகுப்பின் பழைய சான்று சிலப்பதிகாரத்தில் உள்ளது. ஊர்காண் காதையில் மதுரை மணிவீதியை வருணிக்கும் இளங்கோவடிகள், ஒவ்வொரு மணிக்கும் உரிய குணமும் குற்றமும் பிறழாது உரைக்கிறார். செம்மணியின் சாதிகளாகப் பதுமம், நீலம், விந்தம், படிதம் ஆகிய நான்கும் அங்கே இடம்பெறுகின்றன. விந்தம் என்பது குருவிந்தமே என உரை கூறும். 1892ஆம் ஆண்டில் உ.வே. சாமிநாதையர் அடியார்க்குநல்லார் உரையுடன் அந்நூலைப் பதிப்பித்த பின்னரே இக்கலைச்சொற்கள் மீண்டும் தமிழறிஞர் கைக்கு எட்டின.

சோழர் காலத்தில் இவ்வறிவு ஏட்டிலிருந்து கோயில் சுவருக்கு வந்தது. முதலாம் இராசராசன் (985–1014) தஞ்சைப் பெரிய கோயிலுக்கும், அவன் தமக்கை குந்தவையார் அங்கு எழுந்தருளுவித்த திருமேனிகளுக்கும் அளித்த அணிகலன்கள் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. பொன்னை 'ஆடவல்லான்' என்னும் கல்லாலும், மணியிழைத்த அணிகளைத் 'தட்சிணமேரு விடங்கன்' என்னும் கல்லாலும் நிறுத்தனர். எத்தனை மாணிக்கம், அவற்றுள் நீலகந்தி எத்தனை, ஹளஹளம் எத்தனை, பழுதுற்றவை எத்தனை என்று எண்ணி எழுதினர். இறைவனுக்கு அளித்த கொடையிலும் பழுதை மறைக்கவில்லை. மணியறிவு அன்று வாணிகத் தந்திரமாக மட்டும் இருக்கவில்லை. கணக்கின் நேர்மையாகவும் இருந்தது.

சித்தம்பூண்டிப் பாறை

செம்மணி கடல்கடந்தே வந்தது என்ற எண்ணம் தமிழரிடையே பரவலாக உண்டு. உயர்தர மாணிக்கத்தைப் பொறுத்தவரை அது பெரிதும் உண்மை. ஆனால் குருந்தம் தமிழ் மண்ணிலேயே விளையும் கல். நெல்லிவாசல்நாட்டிலிருந்து தென்மேற்கே, சேர்வராயன் மலையைக் கடந்து சென்றால், நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி வரும். பழைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூர்ப் பகுதியில் அனார்த்தோசைட்டு என்னும் வெளிறிய பழம்பாறை நெடுந்தூரம் படர்ந்துள்ளது. அதனுள் இளஞ்சிவப்பும் செந்நிறமுமாகக் குருந்தப் படிகங்கள் பொதிந்து கிடக்கின்றன. பெரும்பாலானவை ஒளி ஊடுருவாதவை. முகப்பு வெட்டாமல் குமிழாக இழைத்தே அணியில் பதிக்கத் தக்கவை.

அக்கல் அங்கு விளைந்த காரணம் எளிது. குருந்தம் என்பது அலுமினியமும் உயிர்வளியும் சேர்ந்த கூட்டுப்பொருள். அலுமினியம் நம் காலடிக் களிமண்ணிலும் நிறைந்துள்ளது. ஆனால் மணற்சத்தாகிய சிலிக்கா மிகுந்த இடத்தில் அலுமினியம் அதனோடு கூடி வேறு கனிமமாகிவிடும். சிலிக்கா குறைந்த பாறையில், மண்ணின் ஆழத்து வெப்பமும் அழுத்தமும் வாய்த்தால்தான் அது தனித்துக் குருந்தமாய்ப் படிகமாகும். தூய குருந்தத்திற்கு நிறமில்லை. அதில் குரோமியம் சிறிதளவு கலந்தால் இளஞ்சிவப்பு, மிகுந்தால் செம்மை. இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். மாசு என்று கருதத்தக்க ஒன்றின் கலப்பே மணியின் மதிப்பாகிறது.

பூர்னோன் பிரபு 1802இல் இப்பாறையின் கனிமம் ஒன்றுக்கு 'இந்தியனைட்டு' என்று பெயரிட்டார். பிரெஞ்சு இயற்கையியலார் லெசனோல் 1816க்குப் பின் புதுச்சேரியிலிருந்து சேலம் பகுதிக்குச் சென்று குருந்தக் கற்களைத் திரட்டினார். அதன்பின் நெடுங்காலம் நிலவியலார் மட்டுமே அறிந்த ஊராக இருந்த சித்தம்பூண்டி, அண்மையில் வேறொரு காரணத்தால் செய்திகளில் இடம்பெற்றது. நிலவின் மேட்டு நிலங்களும் அனார்த்தோசைட்டுப் பாறையால் ஆனவை. எனவே 2019இல் ஏவப்பட்ட சந்திரயான்-2இன் தரையிறங்கு கலத்தையும் ஊர்தியையும் சோதிக்கத் தேவையான செயற்கை நிலவு மண்ணை உருவாக்க, இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தார் சித்தம்பூண்டி, குன்னமலை ஆகிய ஊர்களின் பாறையையே பொடித்துப் பயன்படுத்தினர். செம்மணியை ஈன்ற பாறை நிலவுக்கு உவமையாய் நின்றது. மதிக்கு மணியை உவமித்த புலவர் மரபுக்கு இங்ஙனம் ஒரு சான்று கிடைக்கும் என்று எவரும் எதிர்பார்த்திரார்.

தீட்டுவதும் அதுவே

சேலத்துக் குருந்தத்தின் பெரும்பகுதி எந்த மங்கையின் கழுத்தையும் அணி செய்யவில்லை. அது பொடியாகி அரக்கோடு கலந்து சாணைச் சக்கரம் ஆயிற்று. வைரத்திற்கு அடுத்த கடினம் குருந்தத்திற்கே உண்டு. 1812இல் பிரீட்ரிக் மோசு வகுத்த கடின வரிசையில் வைரம் 10, குருந்தம் 9, படிகக்கல் 7. ஆகவே வைரம் ஒழிந்த எல்லா மணியையும் குருந்தப் பொடியால் தேய்க்கலாம். மாணிக்கத்தை மாணிக்கத்தின் பொடியே தீட்டும்.

இத்தொழிலின் தொன்மையைக் கொங்கு நாடு காட்டுகிறது. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் நிகழ்த்திய அகழாய்வுகளில் நீலமணி, பச்சைமணியாகிய பெரில், சூதுபவளம், செவ்வந்திக்கல், பளிங்கு ஆகியவற்றின் மணிகளும், செய்து முடியாமல் விடப்பட்ட கற்களும், வெட்டிக் கழித்த துண்டுகளும் வெளிப்பட்டன. பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் கொடுமணத்தின் அணிகலன்களைச் சிறப்பித்தமை இதனால் விளங்கியது. அருகில் படியூரில் பெரிலும் சிவன்மலைப் பக்கத்தில் குருந்தவகைக் கல்லும் கிடைப்பதால், மூலப்பொருளும் கருவியும் ஒருங்கே வாய்த்த ஊராக அது விளங்கியது. மேலைநாட்டு வணிகர் விரும்பிய மணியின் பளபளப்புக்குப் பின்னே பெயரறியாத் தொழிலாளரின் சாணை சுழன்றது. பாடல் பெற்றது அணிகலன். சாணைக்குப் பாடல் இல்லை.

கடல்வழிச் செம்மணி

இலங்கையின் செம்மணியைக் கண்டு வியந்த வழிப்போக்கர் பலர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு வந்த மார்க்கோ போலோ, அந்நாட்டு மன்னனிடம் உள்ளங்கை நீளமும் மனிதக் கைப் பருமனும் கொண்ட மாணிக்கம் இருந்ததென்றும், ஒரு நகரின் விலையைத் தருவதாகக் குப்ளாய்கான் கேட்டனுப்பியும், முன்னோர் பொருள் என்று மன்னன் மறுத்தான் என்றும் எழுதினார். 1344இல் இலங்கை வந்த இபுனு பதூதா, யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியைப் புத்தளத்தில் கண்டபோது, அவர்முன் உள்ளங்கையளவான மாணிக்கக் கிண்ணம் ஒன்றில் அகில் நெய் இருந்ததாகக் குறிக்கிறார். பயணியர் கூற்றில் மிகைக்கு இடமுண்டு. எனினும் தமிழ் மன்னன் ஒருவன் விருந்தினன் முன் செம்மணிக் கிண்ணத்தை வைத்த அக்காட்சி தமிழர் வரலாற்றில் மறக்கத்தக்கதன்று.

இதனினும் செறிந்த செம்மை பர்மாவின் மோகோக்குப் பள்ளத்தாக்கில் விளைந்தது. 1885இல் மேல்பர்மாவை ஆங்கிலேயர் வென்றபின் அச்சுரங்கங்கள் ஆங்கிலக் கும்பினியின் கைக்கு மாறின. வட்டித்தொழில் நடத்தச் சென்ற நகரத்தாரும் கூலிக்குச் சென்ற உழைப்பாளருமாக எண்ணற்ற தமிழர் பர்மாவில் வாழ்ந்தனர். 'பர்மாச் சிவப்பு' என்பது உயர்ந்த கல்லுக்கு மறுபெயராய்த் தமிழ் வீடுகளில் நிலைத்தது. 1942இல் சப்பானியப் படையெடுப்புக்கு அஞ்சிப் பல்லாயிரவர் காடும் மலையும் கடந்து நடந்தே இந்தியா திரும்பினர். வீடும் நிலமும் கொடுத்த கடனும் அங்கேயே தங்கிவிட, உடலோடு ஒட்டிய சிறு நகைகளே உடன்வரக் கூடியவையாயின. சிவப்புக்கல் மூக்குத்தி ஒன்றின் மதிப்பை எடையால் மட்டும் அளக்கலாகாது என்பதை அத்தலைமுறை அறிந்திருந்தது.

பர்மாச் செம்மணிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அதில் இரும்பு குறைவாதலின், வெயிலில் உள்ள புறஊதாக் கதிர் பட்டதும் குரோமியம் தானும் சிவந்து ஒளிர்கிறது. வெறும் எதிரொளியன்று, கல்லே கனல்கிறது. பாலில் இட்டால் பாலைச் சிவப்பாக்கும் மாணிக்கமே மெய்ம்மாணிக்கம் என்னும் நம்பிக்கையும், நாகம் உமிழ்ந்த மணியின் ஒளியில் இரவில் வழி காணும் சங்கப் பாடற் காட்சிகளும் கற்பனையே. ஆனால் மணி தன்னுள்ளிருந்து ஒளி தரும் என்ற எண்ணம் வேரற்றதன்று. கண்டவர் கண்டதைக் கதையாக்கினர்.

கெம்பும் கோயில் நகையும்

இன்று தமிழர் செம்மணியைப் பெரிதும் காண்பது பரதநாட்டிய மேடையில். தலைசாமான், சூரியப் பிரபை, சந்திரப் பிரபை, இராக்கொடி, சடைநாகம், அட்டிகை, மாங்காய் மாலை, வங்கி, ஒட்டியாணம் என அடிமுதல் முடிவரை சிவப்புக்கல் பதிந்த அணிகள் அவை. முதலில் இறைத் திருமேனிகளுக்கும் பின்னர் கோயிலில் ஆடிய தேவரடியாருக்கும் உரியனவாக இருந்து, ஆடல் மேடைக்கு மாறியபோது உடன்வந்தவை. நாகர்கோவிலை அடுத்த வடசேரியில் இந்நகைத் தொழில் தலைமுறைகளாக நிகழ்கிறது. 'நாகர்கோவில் கோயில் நகை' புவிசார் குறியீடும் பெற்றுள்ளது.

இந்நகைகளில் பதியும் சிவப்புக்கல்லைக் கெம்பு என்பர். கன்னடத்தில் கெம்பு என்பதற்குச் சிவப்பு என்றே பொருள். பழைய அணிகளில் அது மெய்யான மாணிக்கம். எளிய நகைகளில் செயற்கைக் கல்லோ நிறக்கண்ணாடியோ ஆகும். கல்லின் பின்புறத்தை மூடி, அடியில் ஒளிர்தகடு வைத்துப் பதிப்பது பழைய முறை. தகட்டில் பட்டு மீளும் ஒளி வெளிறிய கல்லையும் சிவப்பாக்கிக் காட்டும். எண்ணெய் விளக்கின் சுடரில் கருவறைத் திருமேனியின் மார்பில் அசையும் செவ்வொளியை எண்ணி அமைத்த நுட்பம் அது.

செயற்கைக் கல்லின் வரலாறும் கருதத்தக்கது. பிரெஞ்சு வேதியியலார் ஒகுஸ்து வெர்னெய் 1902இல் தம் முறையை வெளியிட்டார். அலுமினிய ஆக்சைடுப் பொடியைக் கொழுந்துவிட்டெரியும் சுடரின் ஊடே சொரிந்து, கீழே துளித்துளியாய்ப் படிகமாக உறையச் செய்வது அம்முறை. இவ்வாறு பிறப்பது கண்ணாடியன்று. வேதியியலில் அதுவும் குருந்தமே. பாறைக்குள் நெடுங்காலம் எடுத்து விளைவதைச் சுடர் சில மணி நேரத்தில் விளைத்தது. திருச்சிராப்பள்ளியிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டும் தொழில் இருபதாம் நூற்றாண்டில் வீடுதோறும் பரவியது. வீட்டுத் திண்ணையில் சக்கரம் சுழற்றி வாழ்ந்த குடும்பங்கள் பல. கொடுமணலின் சாணை திருச்சியில் மீண்டும் சுழன்றது எனலாம். இம்முறையும் அதற்குப் பாடல் இல்லை.

சிவப்பா, இளஞ்சிவப்பா

இளஞ்சிவப்புக் குருந்தத்தை மாணிக்கம் என்பதா, இளஞ்சிவப்பு நீலம் என்பதா என்பது மணிவாணிகத்தில் நெடுநாளைய பூசல். மேலைநாட்டு ஆய்வுக்கூடங்கள் வெளிறிய கல்லைத் தனியே பிரித்து 'இளஞ்சிவப்பு நீலம்' என்று எழுதுகின்றன. அவ்வாறு எழுதியவுடன் விலை சரிகிறது. கல் விளையும் கீழை நாடுகளின் வணிகரோ, இளஞ்சிவப்பும் சிவப்பின் ஒரு படியே. வெளிறியதும் மாணிக்கமே என்பர். நிறம் ஓடையைப் போல் தொடர்ந்து செல்வது. அதன் நடுவே கோடு கிழிப்பது மனிதர் செயல். கல் மாறுவதில்லை, பெயர் மாறுகிறது, பெயரோடு விலையும் மாறுகிறது.

நம் மணிநூல்கள் இப்பூசலை வேறுவகையில் கையாண்டன. அவை கோடு கிழிக்காமல் உவமை கூறின. தாமரை போன்றது, குன்றி போன்றது, தம்பலப்பூச்சி போன்றது என்றன. தாமரை நிறத்தது என்னும் பொருளில் பதுமராகம் என்று வழங்கிய சொல்லே சிங்களத்தின் வழியாக 'பத்பராட்சா' என்று திரிந்து, செம்மஞ்சளும் இளஞ்சிவப்பும் கலந்த அரிய இலங்கைக் கல்லுக்கு உலகச் சந்தையில் பெயராய் வழங்குகிறது. இளஞ்சிவப்பில் போற்றப்படும் மற்றொரு கல்லான 'தூர்மலின்' கூடத் தோரமல்லி என்னும் சிங்களச் சொல்லின் வழிவந்ததே. உலகின் மணிக்கடைகளில் கீழைக்கடற்கரைச் சொற்கள் வேற்றுருவில் உலவுகின்றன.

பெயர்ப் பிழைக்குப் பேரரசுகளும் தப்பவில்லை. ஆங்கில மன்னர் முடியின் முகப்பில் ஒளிரும் 'கருப்பு இளவரசன் மாணிக்கம்' மாணிக்கமே அன்று. சுபினல் என்னும் வேறு கனிமம். 1851இல் விக்டோரியா அரசியாரைச் சென்றடைந்த 'தைமூர் மாணிக்கமும்' அவ்வாறே. 1783இல் ரோமே தெலீல் இவ்விரு கனிமங்களையும் பிரித்தறிந்து உரைத்தார். அதற்கு முன் நூற்றாண்டுக் கணக்கில் பேரரசர்கள் ஒன்றை மற்றொன்றாக எண்ணிப் போரிட்டுக் கவர்ந்தனர்.

தெறித்த மணி

கல்லின் பெயரில் நேரும் பிழையால் விலை மாறலாம், உரிமை மாறலாம். உயிரும் போகலாம் என்பதைச் சொன்ன நூல் தமிழில் உள்ளது.

கோவலன் மதுரை மணிவீதியைக் கண்ட நிகழ்ச்சியை இளங்கோவடிகள் கதைக்கு அழகுசேர்க்க மட்டும் வைத்தார் என்று கொள்வதற்கில்லை. மாணிக்கத்தின் சாதி நான்கும், ஒவ்வொரு மணியின் குற்றமும் ஒன்றுவிடாது அறிந்த நகரம் அது. அத்தகைய நகரத்தில், சிலம்பின் உள்ளே இருக்கும் பரல் யாது என்று கேட்க ஒருவரும் முன்வரவில்லை. அரசியின் சிலம்பில் முத்துப்பரல். கண்ணகி சிலம்பில் மாணிக்கப்பரல். ஒரு சிலம்பை உடைத்துப் பார்த்திருந்தால், அல்லது உரியவளை வினவியிருந்தால், உண்மை வெளிப்பட்டிருக்கும். பொற்கொல்லன் சொல்லை அரசன் நம்பினான். காவலர் வாள் முந்திக்கொண்டது. மணியைச் சோதித்த நகரம் வழக்கைச் சோதிக்கவில்லை.

வழக்குரை காதையில் சிலம்பு உடைபட்டு மாணிக்கப்பரல் மன்னன் முகத்தெதிரே தெறித்தபோது, அது சான்றாயிற்று. காலம் கடந்த சான்று. அணியின் உள்ளே, எவர் கண்ணிலும் படாமல் ஒலித்துக்கொண்டிருந்த சிறு செங்கல் ஓர் அரசின் நீதியை நிறுத்துப் பார்த்தது. பரலாய் அடைபட்ட அக்கல்லைக் கண்ணகியைத் தவிர எவரும் அறிந்திலர். அறிந்தவள் பேச வாய்ப்புப் பெற்றபோது கோவலன் உயிரோடில்லை.

சாணைக்கல்லாய்த் தேய்ந்ததும் முடிமணியாய் ஒளிர்ந்ததும் ஒரே குருந்தம். ஒளி மங்கியது என்று ஒதுக்கப்பட்ட பெயரே உலகப் பெயர் ஆயிற்று. பாறையில் விளைந்ததும் சுடரில் விளைந்ததும் இயல்பால் ஒன்றே. இவற்றையெல்லாம் கண்டறிந்த பின்னும், மாணிக்கம் என்ற சொல்லைச் செம்மைக்கும் உயர்வுக்கும் அடைமொழியாக மட்டுமே கையாளுவது அச்சொல்லுக்குச் செய்யும் குறை. இளங்கோவடிகள் கல்லை அறிந்து பாடினார். ஆதலின் அவர் கல் சான்று சொல்லிற்று. குன்றி அளந்த எடையும், தஞ்சைச் சுவரில் பழுதையும் எழுதிய கணக்கும், கொடுமணலிலும் திருச்சியிலும் சுழன்ற சாணையும் தமிழ்ச் சொல்லுக்குள் பரலாய் அடைபட்டே கிடக்கின்றன. சிலம்பைக் கையிலெடுப்போர் உள்ளே ஒலிப்பது முத்தா மாணிக்கமா என்று முதலில் கேட்டறிதல் வேண்டும்.